பாடபேதம் உள்ள விளையாட்டுகள்

ரிச்சர்ட் கேரியட் டெக்சஸில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது எழுதிய ‘அகலபெத்’ என்ற கணினி விளையாட்டை 1980இல் கலிஃபோர்னியா பசிபிக் என்ற நிறுவனம் கடைகளுக்குக் கொண்டுவந்தது. அது ஆப்பிள் 2 கணினிக்காக, அந்தக் கணினியிலேயே இருந்த பேசிக் மொழியில் எழுதப்பட்டது. ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது 1981 ஆகஸ்டில்தான். ஆகவே அகலபெத்துக்கு அன்றைக்கு, ஐபிஎம் கணினியின் இயங்குதளமான டாஸில் ஓடும் பதிப்பு என்று ஒன்று இருந்திருக்க வழியே இல்லை. ஆனால் இன்று பழைய விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி கடையில் அதை இறக்கி ஓடவிட்டால் வருவது டாஸ் பதிப்பு. அது 1998இல் ‘அல்டிமா கலெக்‌ஷன்’ என்ற குறுந்தகட்டுத் தொகுப்பில் சேர்ப்பதற்காகத் தயாரானது. அசல் வந்து ஏறக்குறைய 18 ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஒன்றைத்தான் அசல் என்று நம்பி இறக்கிக்கொள்கிறோம்.

அடுத்து வந்த ‘அல்டிமா’வின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1981இல் வெளியான முதல் அல்டிமாவில் பெரும்பகுதி பேசிக் மொழி. வரைபடக் கட்டங்களைத் திரையில் தீட்டும் பகுதி மட்டும் அசெம்ப்ளி. 1986இல் கேரியட்டின் சொந்த நிறுவனமான ஆரிஜின் அதை முழுக்க அசெம்ப்ளியில் திருப்பி எழுதி, படங்களை மாற்றி வெளியிட்டது. இன்றைய தலைமுறை ‘முதல் அல்டிமா’ என்று ஆடுவது அந்த 1986 எழுத்தின் வழியில் வந்த டாஸ் பதிப்பு. அதாவது நமக்குக் கிடைக்கும் மூலமே ஒரு மறுவெளியீடு.

பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக ‘அசல் நல்லதா, ரீமாஸ்டர் நல்லதா’ என்று இரண்டே கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். எனக்கு இந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில், அதாவது ஆர்பிஜிகளில், எண்பதுகளில் வந்த எந்தப் பெரிய படைப்புக்கும் ஒற்றை அசல் கிடையாது. ஆப்பிள், கமடோர், அட்டாரி, அமீகா, ஐபிஎம், ஜப்பானிய எந்திரங்கள் என ஆளுக்கொரு பதிப்பு. உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்ததுபோல இந்தப் பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மறுவெளியீட்டுக்காரர்கள் அநேகமாக அதைச் செய்வதில்லை. கைக்கு எட்டிய சுவடியை அச்சிட்டுவிடுகிறார்கள். கைக்கு எட்டியது பெரும்பாலும் டாஸ் பதிப்பு, அது பல சமயம் உள்ளவற்றில் ஏழைப் பதிப்பு.

எந்திரங்களிலிருந்து தொடங்குவோம். ஆப்பிள் 2இன் உயர்தரத் திரை 280க்கு 192 புள்ளி. அதில் தெரியும் ஊதா, பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாம் அமெரிக்கத் தொலைக்காட்சி சமிக்ஞையின் கோணலைப் பயன்படுத்தி வரவழைத்தவை. அருகருகே இரண்டு புள்ளி எரிந்தால் வெள்ளை, ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தால் நிறம். ஐபிஎம்மின் ஆரம்பகால சிஜிஏ அட்டையில் 320க்கு 200 புள்ளியில் நான்கே நிறங்கள். விளையாட்டுகளில் அதிகம் கண்ட கூட்டணி கறுப்பு, வெள்ளை, வெளிர்நீலம், மஜெந்தா. கமடோர் 64இல் 16 நிறமும், சிட் என்ற ஒலிச் சில்லும் இருந்தன. மூன்று குரலில் பாடும் அந்தச் சில்லுக்கு இன்றும் தனி ரசிகர் கூட்டம் உண்டு. ஐபிஎம்முக்கோ தொடக்கத்தில் கீச்சிடும் ஒற்றை ஸ்பீக்கர்தான் வாய்த்தது. 1987இல் விஜிஏ என்ற திரை அட்டையும், அதைத் தொடர்ந்து ஒலி அட்டைகளும் வந்த பிறகுதான் ஐபிஎம் வகைக் கணினி மற்றவற்றை முந்தியது. அதற்கு முந்தைய விளையாட்டுகளின் டாஸ் பதிப்பு என்பது, பெரும்பாலும், விருந்துக்கு வராதவருக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு.

‘அல்டிமா 4’ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1985இல் வந்தது. கொல்ல வேண்டிய வில்லன் இல்லை; எட்டு அறங்களில் தேறி அவதாரமாக வேண்டும் என்பதே ஆட்டம். தொடக்கத்தில் ஒரு குறிசொல்லும் பெண் உங்களிடம் சங்கடமான கேள்விகளாகக் கேட்டு நீங்கள் யார் என்று முடிவு செய்வாள். ஆப்பிள் 2இல் மாக்கிங்போர்ட் என்ற ஒலி அட்டையைச் செருகியிருந்தால் ஊருக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று எனக் கென்னத் ஆர்னால்டின் இசை ஒலிக்கும். கமடோர் 64இலும் இசை உண்டு. டாஸ் பதிப்பில் அடிச்சத்தம், கதவுச்சத்தம் தவிர எதுவும் இல்லை. அறத்தைத் தேடி நடக்கிறவன் மௌனத்தில் நடக்கிறான். இந்த மௌனப் பதிப்பைத்தான் ஜிஓஜி இலவசமாகவே தருகிறது. உலகத்தில் இன்று அல்டிமா 4 ஆடத் தொடங்குகிறவர்களில் மிகப் பலர் இதைத்தான் ஆடுகிறார்கள். அந்த அமைதி கேரியட்டின் கலைத் தீர்மானம் என்று நினைத்து வியந்து எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாவம், அது ஒலி அட்டை இல்லாத குறை.

அல்டிமா 3இலும் இதே நிலைமை. அல்டிமா 5இல் (1988) இன்னும் வேடிக்கை. கமடோர் 64இல் ஆடினால் இசை இல்லை; அதே வட்டைக் கமடோர் 128இல் போட்டால் கூடுதல் நினைவகம் இருப்பதால் இசை வரும். டாஸில் ஈஜிஏ திரை அட்டையின் 16 நிறத்தில் படங்கள் பளிச்சென்று இருக்கும், இசை கிடையாது. ஆகவே இவற்றில் ‘நல்ல பதிப்பு எது’ என்று கேட்டால் கண்ணுக்கு ஒரு பதில், காதுக்கு ஒரு பதில். ரசிகர்கள் பின்னாளில் டாஸ் பதிப்புக்கு ஒட்டுப்போட்டு அல்டிமா 4க்கும் 5க்கும் இசையைச் சேர்த்திருக்கிறார்கள். 4க்கு 256 நிறப் படங்களும் கொடுத்தார்கள். ஒட்டுப்போட்ட அந்த அல்டிமா 4, 1985இலோ 1987இலோ எந்தக் கடையிலும் விற்றதில்லை. ஆனால் மாக்கிங்போர்ட் செருகிய ஆப்பிளில் ஆடியவருக்கு மௌன டாஸைவிட அதுதான் பழக்கமானதாக ஒலிக்கும்.

அப்படியிருந்தும் கடைக்காரர்கள் டாஸையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? சோம்பல் பாதிக் காரணம், சட்டம் மீதிக் காரணம். 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்ற இலவச எமுலேட்டர் (பழைய கணினியைப் போலச் செய்யும் நிரல்) ஐபிஎம்மின் பயாஸையோ மைக்ரோசாஃப்டின் டாஸையோ கேட்பதில்லை; அவற்றின் வேலையைத் தானே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே விளையாட்டின் உரிமை இருந்தால் போதும், டாஸ்பாக்ஸோடு கட்டி விற்றுவிடலாம். 2008இல் போலந்தில் தொடங்கிய ஜிஓஜியின் பழைய சரக்கில் பெரும்பகுதி இப்படிக் கட்டப்பட்டதே. அமீகாவுக்கு அப்படி முடியாது. அதன் கிக்ஸ்டார்ட் ரோம், அதாவது சில்லிலேயே எழுதிவைத்த நிரல், பதிப்புரிமைக்கு உட்பட்டது, தனியாக உரிமம் வாங்க வேண்டும். ஆப்பிள் 2இன் ரோம் ஆப்பிளுக்குச் சொந்தம். கமடோருக்கும் அதே கதை. உரிமம் வாங்கவே முடியாது என்பதில்லை, 2018இல் கடைக்கு வந்த குட்டி கமடோர் 64 பெட்டி வாங்கித்தான் வந்தது. ஆனால் ஆறு டாலருக்கு விற்கும் நாற்பது வருடப் பழைய விளையாட்டுக்கு யார் அந்த அலைச்சல் படுவார்கள்? எந்தப் பதிப்பு வரலாறாக நிலைக்க வேண்டும் என்பதை எந்த விமர்சகரும் தீர்மானிக்கவில்லை. ரோம் சில்லின் பதிப்புரிமை தீர்மானித்தது.

அந்த டாஸ் பதிப்பையாவது இருந்தபடி காட்டுகிறார்களா என்றால் அதிலும் ஒரு சறுக்கல். 320க்கு 200 என்பதை அன்றைய 4:3 மானிட்டர் திரை முழுக்க நிரப்பிக் காட்டியது. அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஓவியர்கள் அந்த நீட்சியைக் கணக்கில் வைத்தே வட்டத்தை வட்டமாக வரைந்தார்கள். பலரிடமும் புழங்கும் டாஸ்பாக்ஸ் 0.74இல் இந்த நீட்சியைத் தரும் விசை, நாமாகப் போடாவிட்டால் அணைந்தே கிடக்கும். அப்போது முகங்கள் எல்லாம் தலையில் தட்டிவைத்த மாதிரி சப்பையாகிவிடும். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் சரியாகிவிடுகிற விஷயம். இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் தொண்ணூறுகளின் ஓவியர்களுக்கு உடற்கூறு தெரியாது என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

வேகமும் பதிப்பின் ஒரு பகுதிதான். அல்டிமா 2இன் டாஸ் பதிப்பு வேகமான கணினியில் வகுத்தல் பிழை காட்டி நின்றுவிடும். தன்னைவிட வேகமான எந்திரம் ஒன்று வரும் என்று அந்த நிரல் எதிர்பார்க்கவில்லை. அது நின்றுபோவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத மாற்றம் வேறு. 1985இல் இன்டர்ப்ளே உருவாக்கிய ‘பார்ட்ஸ் டேல்’ விளையாட்டில் ஹார்க்கின் கோட்டையில் ஒரு சண்டை இருக்கிறது. எதிரில் பெர்சர்க்கர்கள், 99 பேர் கொண்ட கூட்டம் நான்கு, மொத்தம் 396 பேர். கூட்டத்தையே தாக்கும் மந்திரம் தெரிந்திருந்தால் ஜெயித்துவிடலாம். கிடைக்கும் அனுபவப் புள்ளி கொட்டோ கொட்டென்று கொட்டும். எனவே அன்றைய ஆட்டக்காரர்கள் அந்தச் சண்டையையே திரும்பத் திரும்பப் போட்டுப் படி ஏறினார்கள். ஆனால் யார் யாரை வெட்டினான் என்று ஒவ்வொரு வரியாகத் திரையில் ஏறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் அந்தக் குறுக்குவழிக்கு விலை. எமுலேட்டரில் வேகத்தைக் கூட்டிவிட்டால் விலை காணாமல் போகிறது, குறுக்குவழி மட்டும் மிஞ்சுகிறது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆட்டம் மாறிவிட்டது.

இதைவிடப் பெரிய இழப்பு காகிதத்தில். எஸ்எஸ்ஐ நிறுவனத்தின் ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ 1988இல் வந்தபோது வட்டின் இடம் போதாததால் கதையின் கணிசமான பகுதி உடன் வந்த புத்தகத்தில் அச்சாகியிருந்தது. திரை ‘இத்தனாம் எண் குறிப்பைப் படி’ என்று சொல்லும், நீங்கள் புத்தகத்தைப் புரட்டுவீர்கள். மதுக்கடை வதந்திகளும் அதில் எண்போட்டு இருந்தன. சில உண்மை, சில கப்சா. திருட்டு நகலைத் தடுக்க இரண்டு அட்டைச் சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்று சுழற்றி, எல்ஃப் எழுத்தையும் குள்ளர் எழுத்தையும் பொருத்தி விடை கண்டுபிடிக்க வேண்டும். 2015இல் ஜிஓஜியிலும் 2022இல் ஸ்டீம் கடையிலும் இதுவும் இதன் அடுத்த பாகங்களும் திரும்பி வந்தபோது புத்தகம் பிடிஎஃப் ஆனது. பிடிஎஃபில் தேடல் வசதி உண்டு. வதந்தி எது, நிஜம் எது என்று தேடாமலிருக்க ஒரு மனக்கட்டுப்பாடு வேண்டும்.

இந்தத் தேடலுக்கு அன்றே பொறி வைத்தவர்கள் ‘வேஸ்ட்லேண்ட்’காரர்கள். அணுப்போருக்குப் பிந்தைய அரிசோனா, நெவாடா பாலைவனத்தில் நடக்கும் அந்த 1988 விளையாட்டுக்கும் பத்திப் புத்தகம் ஒன்று உண்டு. ஆட்டம் சொல்லாமலே முழுப் புத்தகத்தையும் படித்துவிடுகிற அவசரக்காரர்களுக்காக, செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய ஒரு கதையே அதில் எழுதப்பட்டிருந்தது. அது முழுக்கப் புளுகு. விளையாட்டில் செவ்வாயே கிடையாது. 2013 நவம்பரில் வந்த மறுவெளியீட்டில் இந்தப் பத்திகளைத் திரையிலேயே கொண்டுவந்து, குரலும் கொடுத்து, இசையையும் சேர்த்தார்கள். வசதிதான். ஆனால் உரிய நேரத்தில் உரிய பத்தி தானாகவே வந்து நின்றால் செவ்வாய்க் கதையைத் தடுக்கி விழ ஆளே இல்லை. ஏமாற்றுகிறவனை ஏமாற்றும் ஒரு நகைச்சுவை, அதை எழுதியவர்கள் காகிதத்தில் விட்ட இடத்திலேயே தங்கிவிட்டது.

வேஸ்ட்லேண்டின் இன்னொரு குணம் வட்டில் இருந்தது. நீங்கள் ஒரு ஊரை எரித்தால் அது வட்டிலேயே எரிந்தது. விளையாட்டு தன் உலகத்தின் நிலையைத் தன் வட்டிலேயே எழுதிக்கொண்டதால், மூல வட்டை நகலெடுத்து, நகலில்தான் ஆட வேண்டும். மூலத்திலேயே ஆடித் தீர்த்தவர்கள் புது உலகத்துக்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டியதுதான். ‘விசர்ட்ரி’ இதைவிடக் கறார். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் பேஸ்கல் மொழியில் எழுத, 1981இல் சர்-டெக் நிறுவனம் வெளியிட்டது அது. இலினாய்ஸில் தொடங்கிய பிளேட்டோ வலையமைப்பில் மாணவர்கள் எழுபதுகளில் திருட்டுத்தனமாக எழுதி, நிர்வாகிகள் அழிக்க அழிக்கத் திரும்ப ஏற்றிய நிலவறை விளையாட்டுகளின் நேர் வாரிசு. பத்து தளம், தளத்துக்கு 20க்கு 20 கட்டம், கோடுகளால் ஆன சுவர். ஆள் செத்தால் அந்தச் சாவை உடனே வட்டில் எழுதிவிடும். திரும்பிப் பழைய நிலைக்குப் போக வழியில்லை. ஆகவே சண்டை கைமீறுகிறது என்று தெரிந்ததும் வட்டுப்பெட்டியின் கதவைத் திறந்து ஃப்ளாப்பியை வெளியே இழுப்பது அக்காலத்தில் ஒரு பயின்ற கலை. இடம்விட்டு இடம் தாவவைக்கும் மாலர் என்ற மந்திரத்தில் இருப்பிடத்தைத் தவறாகக் கணக்கிட்டுப் பாறைக்குள் போய்ச் சேர்ந்தால் குழு மொத்தமும் போயிற்று. கட்டத்தாளில் பென்சிலால் படம் போடாதவன் பிழைக்க முடியாது.

இந்த விசர்ட்ரிதான் பாடபேதங்களின் சுரங்கம். ஜப்பானில் ஆஸ்கி நிறுவனம் 1985இல் அங்குள்ள கணினிகளுக்கும், 1987இல் நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்கும் கொண்டுவந்தது. ஃபேமிகாம் பதிப்புக்கு ஜுன் சுயெமி பூதங்களை வரைந்தார், கென்டாரோ ஹனெடா இசையமைத்தார். அமெரிக்க அசலில் கோடும் கிறுக்கலுமாக இருந்தது அங்கே கம்பீரமான இருண்ட காவியமாக மாறியது. அமெரிக்காவில் விசர்ட்ரி மறக்கப்பட்ட பிறகும் ஜப்பானில் தொடர்ந்து புது விசர்ட்ரிகள் வந்துகொண்டே இருந்ததற்கு இந்தப் பதிப்பு ஒரு பெரிய காரணம். அதே பதிப்பில்தான் பிரபலமான ஒரு பிழையும் உள்ளது: கவசத்தின் மதிப்பு கணக்கில் சேர்வதே இல்லை. தங்கம் சேர்த்து, பேய்களோடு மல்லுக்கட்டி, மிகச் சிறந்த கவசத்தை மாட்டிக்கொண்டவனும் துணியோடு நிற்பவனும் எதிரியின் அடிக்கு ஒன்றுதான். அதை அறியாமலே ஏராளமானோர் கவசம் தேடி அலைந்து, கிடைத்ததும் பாதுகாப்பாக உணர்ந்து, மகிழ்ச்சியாக ஆடி முடித்தார்கள். விதிகள் ஒரு பதிப்பில் மெய், இன்னொன்றில் நம்பிக்கை. 1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘லில்காமின் சாகா’ தொகுப்பு நவீனச் சுவர்களுக்குப் பதில் பழைய கோட்டுச் சுவர்களையும், ஜப்பானிய மொழிக்குப் பதில் ஆங்கிலத்தையும் தேர்ந்துகொள்ளும் விசைகளைக் கொடுத்தது. எனக்குத் தெரிந்து பதிப்புணர்வோடு நடந்த மறுவெளியீடுகளில் அது முன்னோடி.

அந்த எண்ணத்தை அதன் கடைசி வரைக்கும் கொண்டுபோனது டிஜிட்டல் எக்லிப்ஸ் செய்த விசர்ட்ரி. 2023 செப்டம்பரில் முன்னோட்டமாகவும் 2024 மே மாதத்தில் முழுமையாகவும் வந்தது. வெளியே முப்பரிமாணச் சுவர், ஒளி, புகை, அசையும் பூதம். உள்ளே ஓடுவது 1981இன் அதே நிரல். வேண்டுமானால் திரையின் ஒரு மூலையில் ஆப்பிள் 2இன் திரையைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பெரிய திரையில் ஒரு எலும்புக்கூடு வாளை ஓங்கும்போது மூலைத் திரையில் அதே அடி எழுத்துகளாக ஓடுகிறது. பழைய விதியா, திருத்திய விதியா என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். வரைபடத்தைக் கணினி போடட்டுமா, நீங்களே போடுகிறீர்களா என்பதும் உங்கள் இஷ்டம். இதன் இசைக்காக வினிஃப்ரெட் ஃபிலிப்ஸ் 2025இல் கிராமி விருது வாங்கினார். ஒரு காலத்தில் கீச்சிடும் ஸ்பீக்கரைத் தவிர வேறு வழியில்லாமல் தவித்த விளையாட்டு. எனக்கு அந்த இசையைவிட மூலைத் திரைதான் முக்கியம். மூலமும் உரையும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. மறுவெளியீட்டாளர் எங்கே கைவைத்தார் என்பதை ஆடுகிறவரே சரிபார்க்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் க்ரோம் ஸ்டுடியோஸ் செய்த இரண்டு வேலைகள்: 2018இல் வெளிவரத் தொடங்கிய ‘பார்ட்ஸ் டேல்’ மூன்று பாகம், 2020இல் ‘வேஸ்ட்லேண்ட் ரீமாஸ்டர்டு’. இரண்டும் நாணயமான வேலை. பார்ட்ஸ் டேலில் கணினியே வரைபடம் போடும். மூன்று பாகத்திலும் வெவ்வேறாக இருந்த விதிகளை ஒரு சீராக்கியிருக்கிறார்கள். பழைய மாதிரி ஆட விரும்புகிறவர்களுக்குத் தனி விசையும் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒருவர் இந்தக் கதைகளைக் கடைசிவரை முடிக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் படங்கள் எங்கிருந்தும் வந்தவை போல இருக்கின்றன. 1985இன் சிறிய சட்டத்துக்குள் இரண்டு மூன்று அசைவில் நின்ற பூதம், எண்ணிக்கையற்ற கைபேசி விளையாட்டுகளின் ஓவியத்தோடு கலந்துவிட்டது. வேஸ்ட்லேண்டின் முப்பரிமாண உருவங்களும் அப்படியே. விதியைப் பேணுவதில் காட்டிய அக்கறையில் பாதியைக் கோட்டில் காட்டியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் இறுதிக்கு வந்தால் சிக்கல் வேறு வகை. அங்கே பெரும்பாலும் விண்டோஸ் பதிப்பு ஒன்றுதான், பாடபேதம் குறைவு; காணாமல் போனது மூலப்பொருள். 1998இன் ‘பால்டுர்ஸ் கேட்’டை 2012இல் பீம்டாக் குழு மேம்படுத்தியபோது அசல் முப்பரிமாண மாதிரிகள் கிடைக்கவில்லை. அதனால் பின்னணி ஓவியங்களைப் பெரிதாகத் திரும்ப வடிக்க வழியில்லாமல், பழையவற்றையே உருப்பெருக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. ‘ஐஸ்விண்ட் டேல் 2’க்கு மூல நிரலே கிடைக்காததால் மேம்படுத்திய பதிப்பே வரவில்லை. பால்டுர்ஸ் கேட்டில் புதிய தோழர்கள் மூன்று பேரைச் சேர்த்தார்கள். பழைய ஆட்களுக்கு நடுவே அவர்கள் நிறையப் பேசுகிறார்கள். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி பிடித்தவர்களைப் போல என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது என் ரசனை.

கடைகள் கைவிட்ட இடத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாதவர்கள். ‘கோல்டு பாக்ஸ் கம்பேனியன்’ என்ற துணைநிரல் எஸ்எஸ்ஐ விளையாட்டுகளை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று வரைபடம் போட்டுக் காட்டுகிறது. பூல் ஆஃப் ரேடியன்ஸில் சண்டை முடிந்ததும் காயத்தை ஆற்றும் மந்திரங்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்து, ஓய்வெடுத்து, ஒவ்வொருவருக்காக ஓதி, மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும். அடுத்த பாகத்தில்தான் இதை ஒரே கட்டளையில் முடித்தார்கள். அந்த வசதியை முதல் பாகத்துக்கும் பின்னோக்கி நீட்டியது இந்தத் துணைநிரல். 2022இல் ஸ்டீமில் விற்பனைக்கு வந்தபோது அதையும் சேர்த்தே கட்டிக்கொடுத்தார்கள். ரசிகனின் உழைப்பு அதிகாரப்பூர்வப் பதிப்புக்குள் மரியாதையோடு நுழைந்த அபூர்வங்களில் ஒன்று.

‘டஞ்சன் மாஸ்டர்’ அந்த அளவுக்குக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. 1987 டிசம்பரில் அட்டாரி எஸ்டிக்கு வந்த அது, எதிரி உங்களுக்காகக் காத்து நிற்காத, நிஜ நேரத்தில் ஓடும் நிலவறை. எஃப்டிஎல் நிறுவனம் வட்டில் வைத்த பூட்டு பெயர்பெற்றது: சில இடங்களில் பூஜ்யமா ஒன்றா என்று நிச்சயமில்லாத காந்தப் பதிவு. ஒவ்வொரு முறை படித்தாலும் வேறு வேறு விடை வந்தால் அது மூல வட்டு. ஒரே விடை வந்தால் நகல். சாதாரண வட்டுப்பெட்டியால் அப்படி எழுத முடியாது. சோதனையும் ஓர் இடத்தில் அல்ல, ஆட்டத்தின் நடுவே பல இடங்களில். அவ்வளவு கவனமாகக் காத்த நிறுவனம் தொண்ணூறுகளின் நடுவில் இல்லாமல் போயிற்று. இன்று அந்த விளையாட்டைக் காசு கொடுத்து இறக்க நினைத்தாலும் அதிகாரப்பூர்வமாகத் தருவாரில்லை. ஒரு ரசிகர் அட்டாரியின் எந்திர மொழியிலிருந்து வரிவரியாகப் பின்னோக்கிப் பிரித்தெடுத்து எழுதிய நிரல்தான் நவீன கணினிகளில் அதை உயிரோடு வைத்திருக்கிறது. பூட்டு நிஜமாகவே நல்ல பூட்டு, சாவி வைத்திருந்தவர்தான் இல்லை.

2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. 2010க்கு முன் அந்த நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பார்க்கத் தர அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இந்த 87க்கு நான் ஒரு அடிக்குறிப்பு சேர்ப்பேன். மீதி 13இல் ஒரு விளையாட்டின் பெயர் இருக்கிறது என்றால் அதன் ஏதோ ஒரு பதிப்பு இருக்கிறது என்று மட்டும் பொருள். ‘ஐ ஆஃப் தி பிஹோல்டர்’ (1991) விற்பனையில் உள்ளது. கடைசி எதிரியைக் கொன்றதும் டாஸ் பதிப்பு சில வரி எழுத்தைக் காட்டிவிட்டு ஆளை வெளியே தள்ளிவிடும். அமீகா பதிப்பில் முறையான முடிவுக் காட்சி உண்டு. விற்பனையில் உள்ளது டாஸ்.

யாராவது இப்போது தொடங்க விரும்பினால் என் யோசனை இதுதான். விசர்ட்ரிக்கு டிஜிட்டல் எக்லிப்ஸ் பதிப்பை வாங்குங்கள், மூலைத் திரையைத் திறந்தே வையுங்கள். பூல் ஆஃப் ரேடியன்ஸுக்கு ஸ்டீம் தொகுப்பு போதும். புத்தகத்தைக் காகிதத்தில் அச்சடித்துக்கொண்டால் நல்லது. அல்டிமா 4க்கு இலவச டாஸ் பதிப்பை இறக்கி இசை ஒட்டைப் போடுங்கள். முடிந்தால் ஆப்பிள் எமுலேட்டரில் மாக்கிங்போர்டை இயக்கி ஒரு மாலை கேட்டுவிட்டு வாருங்கள். அல்டிமா 7 என்றால் எக்ஸல்ட் என்ற ரசிகர் நிரல், வேறு பேச்சே வேண்டாம். விண்டோஸோடு ஒத்துப்போகாத அதன் பழைய நினைவக மேலாளரோடு போராடுவதில் யாருக்கும் புண்ணியமில்லை.

அல்டிமா 6தான் கொஞ்சம் அலைய வைக்கும். 1990இல் வந்த டாஸ் அசலில் விஜிஏ படம் அழகு, பேச்சு எல்லாம் எழுத்தில். கமடோர் 64 பதிப்பு பலவற்றை வெட்டிக் குறுக்கியது, அமீகா பதிப்பு ஆமை வேகம். ஆனால் ஃபுஜித்ஸு ஜப்பானில் விற்ற எஃப்எம் டவுன்ஸ் கணினியின் குறுந்தகட்டுப் பதிப்பில் ஊர்க்காரர்கள் எல்லோரும் வாய்திறந்து பேசுகிறார்கள், ஆங்கிலத்தில். குரல் கொடுத்தவர்கள் ஆரிஜின் அலுவலக ஊழியர்கள். லார்ட் பிரிட்டிஷ் அரசனுக்குக் கேரியட்டே பேசியிருக்கிறார். நடிப்பு என்று சொல்ல முடியாது, அலுவலகத்துக்குள் நாடகம் போட்ட மாதிரி இருக்கும், ஆனால் படைத்தவர்களே தம் ஊரைப் பேசவைத்த பதிப்பு அது ஒன்றுதான். நுவி என்ற ரசிகர் நிரல் (இப்போது ஸ்கம்விஎம் என்ற பெரிய நிரலின் பகுதி) டாஸ் பதிப்பின் படத்தோடு இந்தக் குரல்களை இணைத்து ஓடவிடும். டாஸ் கோப்புகள் ஜிஓஜியில் சில டாலருக்குக் கிடைக்கும். குரல் கோப்புகளுக்கு அந்த ஜப்பானியக் குறுந்தகடு வேண்டும், அதைப் புதிதாக விற்பவர் யாருமில்லை.